கண்ணாடி திரும்பியிருந்த வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

அந்த வீட்டுத் திண்ணைத் தூணில் ஒரு சவரக் கண்ணாடி தொங்கியது. சிவப்பு பிளாஸ்டிக் சட்டம் போட்ட சாதாரணக் கண்ணாடி. அதன் முகம் தூணைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முதல் நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் நர்ஸ்தான் பார்த்தார். காற்றில் திரும்பியிருக்கும் என்று நினைத்து, நேராக்கி வைத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் போனபோது அது மறுபடியும் தூணைப் பார்த்தே இருந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, நடுவே இருக்கும் ஓட்டு வீடு அது. வீட்டுக்காரருக்கு 66 வயது. ஏறக்குறைய 40 வருஷம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து, கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. தண்ணீராவது இறங்கட்டும் என்று உணவுக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற சிறு வலைக்குழாயை வைத்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருவனந்தபுரத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஏற்பாடும் உண்டு. அதில் அந்தப் பகுதிக்கு வரும் அக்காதான் எங்களுக்குத் தகவல் சொன்னார். "சாப்பிட மாட்டேங்காரு, மருந்து வேண்டாங்காரு, ஏதோ மாதிரி பேசுகாரு. ஒரு தடவ வந்து பாருங்க."

வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் எங்கள் குழுவில் ஒரு நர்ஸ், மனநல ஆலோசகராக நான், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும் டாக்டர். அந்த வீட்டுக்கு ஆடியிலிருந்து ஐப்பசி வரை 14 முறை போனோம். இதை எழுத அவருடைய மனைவியும் மகளும் சம்மதம் சொன்னார்கள். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அல்சர்

முதல் நாள் வண்டி நின்றதும், வீட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையிலேயே மாமி எங்களை மறித்தார். கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நோயப் பத்தி ஒண்ணும் சொல்லாண்டாம் மக்களே. அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். தெரிஞ்சா அண்ணைக்கே போயிருவாரு. மூத்தவன் மஸ்கட்டுல இருந்து படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கான்."

இந்த மாவட்டத்தில் நான் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அன்பில்தான் மறைக்கிறார்கள். கட்டில் பக்கத்து ஸ்டூலில் மருந்துச் சீட்டுகள் இருந்தன. எல்லாவற்றிலும் மருத்துவமனைப் பெயர் இருந்த மேல் பகுதியைக் கத்தரியால் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். மகள் செய்த வேலை. ஒரு சீட்டைக்கூட விடவில்லை.

மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் சவரம் செய்கிற மனிதர் என்று பிறகு மகள் சொன்னாள். நான் செய்த முதல் தப்பு அங்கேதான். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே மகளைப் பார்த்து, "அப்பா ராத்திரி தூங்குறாங்களா?" என்று கேட்டேன். மகள் பதில் சொன்னாள். எத்தனை தடவை வாந்தி, எவ்வளவு கஞ்சி, எல்லாமே மகள்தான் சொன்னாள். கட்டிலில் கிடந்தவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது எனக்கு உறைக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று.

அப்புறம் அவரிடமே கேட்டேன். "கஞ்சி குடிச்சீங்களா மாமா?"

"குடிச்சாரு."

"யாரு மாமா?"

"அந்த ஆளு."

எந்த ஆள் என்று கேட்டதற்குத் தலையைத் திருப்பாமல், தான் படுத்திருந்த பாயை உள்ளங்கையால் தட்டினார்.

அன்றைக்கு அவர் வாயிலிருந்து 'நான்' என்ற சொல் வரவில்லை. 'எனக்க' என்ற சொல்லும் வரவில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் மூச்சுக்கு ஒரு தடவை வரும் சொல் அது. எனக்க வீடு, எனக்க மாடு, எனக்க தலைவலி. வலி எங்கே என்றால், "அந்த ஆளுக்கு நெஞ்சுல" என்றார். நர்ஸ் நோட்டில் 'தன்னை வேறு ஆளாகச் சொல்கிறார்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

எதையெல்லாம் விலக்கினோம்

இப்படிப் பேசுகிறவரைப் பார்த்ததும் மனசு சம்பந்தப்பட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புற்றுநோய் மூளைக்குப் பரவியிருக்கலாம். ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். டெலீரியம் என்கிற திடீர்க் குழப்பநிலையாக இருக்கலாம். நோய் முற்றியவர்களிடம் அது மிகவும் சகஜம். வாந்திக்காகக் கொஞ்ச நாள் முன்பு எடுத்த தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனையும் பெரிதாக எதையும் காட்டவில்லை. கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். தடுமாறாமல் சொன்னார். இது என்ன மாதம் என்றதற்கு, "ஆடி. அவங்களுக்குக் கர்க்கடகம்" என்றார், மேற்கே கேரளப் பக்கம் கையைக் காட்டி. குழம்பிய மூளை இப்படிச் சொல்லாது.

மனச்சோர்வு இருந்தது, சந்தேகமில்லை. மழை விட்ட நாட்களில்கூட விளைப் பக்கம் பார்ப்பதில்லை. மரத்துக்கு மழைக்காப்பு ஒட்டியாச்சா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று மாமி அழுதார். சாகணும் போல் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி ஆகாது. அவர் சொன்ன பதில்: "செத்தவனுக்கு இனி என்ன சாவு?"

இந்தப் பதில் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஜூல் கோட்டார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1880இல், தனக்கு மூளையே இல்லை, குடலே இல்லை என்று நம்பிய ஒரு பெண்ணைப் பற்றி விவரித்தார். தான் செத்துவிட்டதாகவே முழுசாக நம்பும் அந்த அரிய நிலைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. மாமாவுக்கு அதுவா? இல்லை. கோட்டார் நிலையில் உள்ளவரிடம் வாதாட முடியாது, உண்மையாகவே நம்புவார். மாமாவிடம், "செத்தவங்க கஞ்சி குடிப்பாங்களா?" என்று கேட்டபோது அவர் உதட்டோரம் ஒரு அசைவு வந்தது. தான் சொல்வது என்ன என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

டாக்டர் ராத்திரி ஒரு வேளை மிர்டாசபின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். மனச்சோர்வுக்கான மருந்து, தூக்கமும் பசியும் கொஞ்சம் கொடுக்கும். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் அவரிடம் வந்த மாற்றத்தில் இந்த மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட ஒரே ஒரு ஆளை வைத்து முடியாது. மார்ஃபினையும் நாலு மணிநேரத்துக்கு ஒன்றாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க மாமிக்குப் பழக்கினோம். முன்பு வலி வந்தால்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சொந்த முகமும் சாவும்

மனுஷன் என்றால் ஒருநாள் சாகத்தான் செய்வான் என்பது எல்லோருக்கும் தெரியும். 'நான் சாவேன்' என்பது வேறு அறிவு. இரண்டுக்கும் நடுவில் மூளை ஒரு தட்டியைக் கட்டி வைத்திருக்கிறது என்று சொல்ல இன்றைக்கு ஆதாரம் உண்டு.

இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் யாயிர் டோர்-சிடர்மனும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. 24 பேரை, மூளையில் எழும் மிகச் சிறிய காந்தப் புலத்தை அளக்கும் கருவிக்குள் உட்கார வைத்தார்கள். திரையில் ஒரு முகம் திரும்பத் திரும்ப வரும். சில நேரம் அவரவர் சொந்த முகம், சில நேரம் தெரியாதவர் முகம். முகத்தோடு ஒரு சொல்லும் வரும். பாதிச் சொற்கள் சாவு சம்பந்தப்பட்டவை. கொஞ்ச நேரத்தில் திடீரென்று வேறு முகம் வரும். ஒரே முகத்தை எதிர்பார்த்துப் பழகிய மூளை, மாறியதும் 'அட!' என்கிறது; அந்தத் திடுக்கிடல் கருவியில் ஒரு அலையாகப் பதிவாகும். தெரியாதவர் முகமும் சாவுச் சொல்லும் சேர்ந்து வந்தபோது அந்த அலை வழக்கம்போல் எழுந்தது. சொந்த முகமும் சாவுச் சொல்லும் சேர்ந்தபோது மட்டும் எழவில்லை. மூளை அந்த இரண்டையும் சேர்த்து எதிர்பார்க்கும் வேலையையே நிறுத்திக்கொள்கிறது. சாவு என்றால் அது மற்றவர்களுக்கு நடப்பது என்ற கணக்கில் எழுதிவிடுகிறது. பிற்பாடு இதே ஆய்வாளர்கள், வெகுகாலம் தியானம் செய்து பழகியவர்களிடம் இதைச் சோதித்தபோது அந்த மறுப்பு அப்படித் தெரியவில்லை. ஆக, இந்தத் தட்டி எல்லோருக்கும் எப்போதும் ஒரே மாதிரி நிற்பதல்ல.

இதைப் படித்த நாளிலிருந்து அந்தத் திண்ணைக் கண்ணாடி என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் முகம் ஒன்று, சாவுச் சொல் ஒன்று. இரண்டையும் திரையில் பக்கத்தில் வைத்தார்கள். மூளை அவற்றைப் பிரித்து வைக்க முடிந்தது. மாமாவுக்கு அந்த வசதி இல்லை. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, கழுத்து நரம்பு புடைத்து, அவருடைய முகமே அந்தச் சொல்லாக ஆகிவிட்டது. கண்ணாடியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். பிரிக்க வேறு வழி இல்லாதவர் கண்ணாடியைத் திருப்பி வைத்தார். அந்த முகத்துக்கு உரியவரை 'அந்த ஆளு' என்று வேறொருவர் பேரில் எழுதிவைத்தார். இது என் ஊகம்தான். ஆனால் 14 முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

தன்னை மூன்றாம் ஆளாகச் சொல்வதைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஜேசன் மோசர், ஈதன் குராஸ் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வேதனையான நினைவுகளை 'நான்' என்று யோசிக்காமல் தங்கள் பெயரைச் சொல்லி யோசித்தவர்களின் மூளையில், நெற்றிக்குப் பின்னால் நடுவில் உள்ள பகுதியின் வேலை குறைந்திருந்தது. தன்னைப் பற்றிய எண்ணம் ஓடும்போது சுறுசுறுப்பாகும் பகுதி அது. அதாவது 'நான்' என்பதிலிருந்து ஓர் அடி விலகி நின்றால் வலி கொஞ்சம் தணிகிறது. மாமா இதையெல்லாம் படித்துச் செய்யவில்லை. அவருக்குக் கிடைத்த ஒரே மருந்து அது. ஆனால் விலை அதிகம். அந்த ஆள் சாப்பிட்டால் இவருக்கு என்ன, அந்த ஆளுக்கு மருந்து கொடுத்தால் இவருக்கு என்ன?

இதற்கு வீட்டுக்காரர்கள் தெரியாமல் துணை செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் இந்த வழக்கில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1965லேயே இதை எழுதிவிட்டார்கள். சாகப்போகிறவருக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும் என்பது ஒரு நிலை. அவருக்குச் சந்தேகம் வருவது அடுத்தது. எல்லோருக்கும் தெரிந்தும் யாருக்கும் தெரியாதது போல் நடிப்பது மூன்றாவது. வெளிப்படையாகப் பேசுவது நாலாவது. அந்த வீட்டில் முதல் நிலை நடப்பதாக மாமியும் மகளும் நம்பினார்கள். உண்மையில் நடந்துகொண்டிருந்தது மூன்றாவது. அவருக்குப் பதிலாகப் பதில் சொன்னார்கள். அவர் வந்தால் பேச்சை மாற்றினார்கள். பால் விற்ற கணக்கை அவரிடம் சொல்வதை நிறுத்தினார்கள், கவலைப்படுவாரே என்று. நோய் உடம்பை எடுக்கும் முன்பே வீடு அவரிடமிருந்து 'நான்' என்பதை எடுத்துவிட்டது.

நான் கடற்கரையில் பிறந்தவள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் தெருவிலும் சிலர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இருக்கிறார் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் அந்த வீடுகள் கழித்த மாதங்களை நான் பார்த்திருக்கிறேன். தெரியாமை ஒரு பாதுகாப்பு என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாததற்கு அதுவும் காரணம்.

கர்க்கடகத்தில் ஒரு மத்தியானம்

நாலாவது முறை போனபோது மாமியிடம் அனுமதி கேட்டேன். நானாக எதையும் சொல்ல மாட்டேன், அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், இவ்வளவுதான் கேட்டேன். மாமி வெகுநேரம் யோசித்துச் சரி என்றார். மகள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலைக் கட்டில் உயரத்துக்கு நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். "மாமா, உங்க நோய் என்னன்னு நீங்க நினைக்கீங்க?"

அவர் சிரித்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "அற்புதம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. புத்தி தடுமாறுகிறதோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவரே விளக்கினார். சின்ன வயதில் அஞ்சாம் கிளாஸ் வரை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுக்க உட்கார வைத்திருந்த வராந்தாவில் மலையாளத்தில் ஒரு போர்டு. அர்புதம் என்று இருந்தது. மலையாளத்தில் புற்றுநோய்க்கு அதுதான் பெயர். "பிள்ளையளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அண்ணைக்கே வாசிச்சேன்."

எனக்குத் தெரியும் என்றார். 'எனக்கு'. நான் அதை அப்போது கவனிக்கவில்லை. நர்ஸ் என் காலை மெதுவாக மிதித்தார்.

நாலு மாதமாகத் தெரிந்திருக்கிறது. மாமி பயந்துவிடுவார் என்று சொல்லவில்லை. மருந்துச் சீட்டை மகள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். "அவளுக்குக் கை நடுங்கிச்சு. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மாமி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. மாமி அவருடைய காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் திண்ணைக்கு வந்துவிட்டோம்.

உலகத்தில் பெரிய ஆச்சரியம் எது என்று யட்சன் கேட்டதற்கு, தினந்தினம் உயிர்கள் எமனிடம் போவதைப் பார்த்துக்கொண்டே மிச்சமிருப்பவர்கள் தாங்கள் என்றும் இருப்போம் என்று நினைப்பதுதான் என்று தருமன் சொன்ன பதில் பாரதத்தில் வரும். அற்புதம் என்ற ஒரே சொல்லில் மாமா இரண்டையும் எனக்குச் சொல்லிவிட்டதாகத் திரும்பி வரும்போது வண்டியில் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக ஆனது என்று எழுதினால் அது பொய். வலி கூடத்தான் செய்தது. மார்ஃபின் அளவும் கூடியது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். இருட்டு பயமாக இருக்கிறது என்று சொன்னார். முன்பும் பயம் இருந்திருக்கும், சொல்ல ஆள் இல்லை. மார்க்கஸ் குவிரினும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் சாவைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, அச்சத்தை எழுப்பும் அமிக்டலாவும் நெருக்கடியை உணரும் சிங்குலேட் பகுதியும் வேலை செய்வதைப் பார்த்தார்கள். பல்வலி பற்றிய கேள்விகளுக்கு அப்படி இல்லை. சாவு பயம் மற்ற வேதனைகளைப் போல் ஒன்று அல்ல என்பதை ராத்திரி இரண்டு மணிக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஸ்கேன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மாமி விளக்கைப் போட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்திருந்தார். அதைவிட நல்ல சிகிச்சை எங்களிடம் இல்லை.

ஆனால் 'அந்த ஆளு' போய்விட்டார். இரண்டு வாரத்தில் பேச்சில் 'எனக்க' திரும்பி வந்தது. முதலில் வந்தது மரத்தைப் பற்றி. மகள்தான் இப்போது பால் வெட்டப் போகிறாள். விடிவதற்கு முன்னால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய், வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும். அவள் வெட்டிய பட்டைச் சீவலைக் கொண்டுவரச் சொன்னார். விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்து, "கனம் கூடுதல். இப்படிச் சீவினா எனக்க மரம் பத்து வருஷத்துல பட்டை தீர்ந்து நிக்கும். அழுத்தாண்டாம். கத்தி தடியத் தொடப்பிடாது, பட்டையோட நிக்கணும்" என்றார். இடமிருந்து வலமாக இறங்கும் அந்தச் சரிவை, கட்டில் காலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

ஆவணி கடைசியில் நிழல்தாங்கலுக்குப் போகணும் என்றார். அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழிக் குடும்பம். நிழல்தாங்கல் அவர்களுடைய சிறு வழிபாட்டிடம், பதி பெரியது. சாமித்தோப்பிலும் மற்ற பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் பள்ளியறையில் சிலை இருக்காது, கண்ணாடி இருக்கும். கும்பிடுகிறவர் தன்னையே பார்த்துக் கும்பிட வேண்டும். தன் முகத்தைப் பார்க்க மறுத்த மனிதர் கண்ணாடி இருக்கிற இடத்துக்குத் தானாகவே கேட்டுப் போகிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நாங்கள் யாரும் சொல்லிக்கொடுத்த யோசனை இல்லை அது. ஆட்டோவில் தூக்கி வைத்துக்கொண்டு போனோம். பேரன் தலைப்பாகை கட்டிவிட்டான். சட்டையைக் கழற்றியதும் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்திருக்க, கண்ணாடிக்கு முன்னால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நின்றார். நெற்றியில் நாமம் இட்டுவிட்டார்கள். வெளியே வந்து திண்டில் உட்கார்ந்ததும் மகளிடம் சொன்னார்: "எனக்க அப்பன் மாதிரி இருக்கு பிள்ளே. கடைசியில அப்பன் இப்படித்தான் இருந்தாரு."

வேறு யாரோ என்று விலக்கி வைத்திருந்த முகம், அப்பாவின் முகமாக அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மறுநாள் சவரம் செய்யச் சொன்னாராம். எங்கள் ஊரில் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலைப் பூசி, நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று குருவானவர் சொல்வார். சின்னப் பிள்ளைகள்கூட வரிசையில் நின்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு இல்லாத சோறு சாப்பிடுவோம். மூளை தனியாகச் சேர்க்க மறுக்கிற இரண்டையும், நாலு பேரோடு சேர்ந்து, பழகிய ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கச் செய்ய மனிதர்கள் வெகுகாலம் முன்பே வழி கண்டிருக்கிறார்கள். ரமணர் 1896இல் மதுரையில், 16 வயதில், சாவு பயம் வந்தபோது பிணம்போல் படுத்து, சாவது யார் என்று தனக்குள் கேட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவ்வளவு தூரம் தனியாகப் போக எல்லோராலும் ஆகாது. மாமாவுக்குத் தோளைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கண்ணாடி அதற்குப் பிறகு எப்போதும் நேராக இருந்தது என்று நினைக்க வேண்டாம். புரட்டாசியில் இரண்டு முறை திரும்பியிருந்ததைப் பார்த்தேன். நாங்கள் யாரும் தொடவில்லை.

சாவு தெரிந்தவர் எல்லோரையும் மன்னித்துவிடுவார் என்ற நம்பிக்கையையும் அவர் உடைத்தார். தம்பியோடு வரப்புத் தகராறு, 20 வருஷப் பகை. தம்பி பார்க்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன பிறகு, "ஒரு முழம் தள்ளிக் கல்லு நட்டவன்" என்று ஒரு மணிநேரம் திட்டினார். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. மனுஷன் சாவை மறுப்பதைப் பற்றி மானுடவியலாளர் எர்னெஸ்ட் பெக்கர் 1973இல் எழுதிய புத்தகத்தைப் பின்பற்றி அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் செய்த ஒரு சோதனை, 1989இல் வெளிவந்தது. 22 நீதிபதிகளில் பாதிப் பேரிடம் முதலில் தங்கள் சாவைப் பற்றி யோசித்து எழுதச் சொன்னார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே வழக்கைக் கொடுத்து ஜாமீன் தொகை கேட்டார்கள். சாவை நினைத்தவர்கள் சராசரியாக 455 டாலர் என்றார்கள், மற்றவர்கள் 50 டாலர். சாவு நினைவு வந்தால் மனுஷன் தான் சரி என்று நம்புவதை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான் என்பது அவர்கள் முடிவு. பிற்காலத்தில் பல ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து இதே வகைச் சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு அந்த ஒரு முழ வரப்பு போதுமான பாடம். நான் தம்பியோடு சமாதானம் செய்யச் சொல்லி மாமாவை வற்புறுத்தவில்லை. அது அவருடைய வரப்பு.

கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், சாகும் நிலையில் உள்ளவர்களிடம் அவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டு, எழுதி, திருத்தி, குடும்பத்துக்குக் கொடுக்கும் ஒரு முறையை உருவாக்கினார். அதன் கேள்விகளோடு ஒரு நாள் போனேன். உங்களுக்குப் பெருமையான விஷயம் எது, பிள்ளைகளுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்றெல்லாம் கேட்டேன். அவருக்கு அலுப்பாக இருந்தது. "நோட்டு எடு. மரத்த எழுது" என்றார். எந்த வரிசையில் எந்த மரம் பால் கூடுதல், எதற்குப் பட்டை மெலிவு, எதை இந்த வருஷம் வெட்டாமல் சும்மா விட வேண்டும், எது கிழக்குப் பக்கம் காயம் பட்டது, யார் கையால் பட்டது. மூன்று முறை போய் எழுதினேன். 'மூணாம் வரிசை, பாறைக்கு அடுத்தது: மூத்தவன் வெட்டிப் படிச்ச மரம். முதல் நாளே தடியில போட்டான். அடிச்சேன். அடிச்சிருக்கப்பிடாது' என்பது அதில் ஒரு பதிவு. அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

மூத்தவனுக்கு மட்டும் சொல்ல விடவில்லை. "எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாண்டாம். தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்து நிப்பான். கடன் கிடக்கு." ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், வயிற்றுப் புண் ஆறிக்கொண்டு வருகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். போனை வைத்ததும் சோர்ந்து படுத்துவிடுவார். யாரிடம் திறப்பது, யாரிடம் மூடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அது சரிதானா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

ஐப்பசி மழையில், வீட்டில், மாமி கையைப் பிடித்திருக்கும்போது போனார். கடைசி இரண்டு நாள் உண்மையான டெலீரியம் வந்தது. கூரையைப் பார்த்து யாரையோ பால் எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை 'அந்த ஆளு' என்றும் சொன்னார். முன்பு சொன்னதும் இதுவும் ஒன்று என்று நான் நினைக்கவில்லை. இது மூளை அணையும் நேரத்துக் குழப்பம்.

இந்த வழக்குக்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. முதல் சந்திப்பிலேயே, நோயாளியிடம் கேட்ட கேள்விகளில் எத்தனைக்கு அவரே பதில் சொன்னார், எத்தனைக்கு வீட்டார் சொன்னார்கள் என்று நர்ஸ் குறித்துக்கொள்கிறார். அவர் தன்னை எப்படிச் சொல்கிறார் என்பதையும் எழுதுகிறோம்.

பதினாறாம் நாளுக்கு மூத்த மகன் வந்திருந்தார். அதற்கு முன்பே போனில் என்னிடம் கடுமையாகப் பேசியிருந்தார். நீங்கள் பேச வைத்ததால்தான் அப்பா சீக்கிரம் போனார் என்றார். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, நான் வாதாடவில்லை. நோட்டைக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். மூணாம் வரிசை வந்ததும் நிறுத்தினார். வெகுநேரம் கழித்து, தலை நிமிராமல் ஒன்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழம எங்கிட்ட பேசும்போதெல்லாம் அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

"ஆமா" என்றேன்.

அவர் நோட்டை மூடிவிட்டு விளைக்குள் இறங்கிப் போனார். மகள் பின்னாலேயே ஓடி, பாறைக்கு அடுத்தது எது என்று காட்டிக்கொடுத்தாள்.